தராசில் ஏறும் நூல்கள்

துக்க வீட்டுப் பந்தல் பிரிக்கப்பட்டு, உறவினர் ஒவ்வொருவராக ஊர் திரும்பிய பின், அவ்வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கிறது. வண்டிக்காரரின் கையில் தராசு. உள்ளேயிருந்து நூல்கள் வருகின்றன. கட்டுக் கட்டாக, கோணிக் கோணியாக வருகின்றன. இறந்தவர் நாற்பது ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதற்பக்கத்தில் வாங்கிய நாளையும் ஊரையும் எழுதி வைத்திருக்கிறார். கெட்டி அட்டை உள்ள நூல்களின் அட்டை பிய்க்கப்படுகிறது. தாளுக்கு ஒரு விலை, அட்டைக்கு வேறு விலை. "இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது" என்கிறார் மகன். "கரப்பான் பூச்சித் தொல்லை இனி இருக்காது" என்கிறார் மருமகள். அரைமணி நேரத்தில் ஒரு மனிதரின் அறிவு வாழ்க்கை எடைபோட்டு முடிக்கப்படுகிறது.

இக்காட்சியை நாம் ஒருமுறை அன்று, பலமுறை கண்டிருக்கிறோம். ஒருமுறை அந்தக் குவியலிலிருந்து கைக்கு வந்த நூலொன்றைப் புரட்டியபோது, பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிய சிறு குறிப்புகள் தென்பட்டன. 'இது சரியன்று', 'இதற்குச் சான்று எங்கே?', 'மீண்டும் படிக்க' என்று அந்த நூலாசிரியரோடு ஒரு மனிதர் பக்கத்துக்குப் பக்கம் வழக்காடியிருந்தார். அந்த வழக்காடலைத் தராசு நிறுக்கவில்லை. நிறுக்க அதற்குத் தெரியாது. நிறுக்கத் தெரிந்தவர்கள் என்று நாம் நம்பிய படித்த பிள்ளைகள், பட்டம் பெற்ற பேரர்கள், அண்டை அயலார், பங்கு மக்கள் ஆகியோர் அங்கே நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

பழைய தாள் வணிகரை நாம் குறை கூறவில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். உண்மையில், தமிழின் அரிய பதிப்புகள் பல காப்பாற்றப்பட்டதே அத்தகைய கடைகளின் மூலைகளிலிருந்துதான். சென்னை மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளை, 1985 இல் அது எரியும் வரை, எத்தனையோ ஆய்வாளர்கள் தம் பல்கலைக்கழகமாகவே கொண்டிருந்தனர். நம் வழக்கு வேறு. ஒருவர் உயிரோடிருக்கும்போது அவர் படிப்பதை ஒரு நோயாகக் கருதுகிற குடும்பமும் ஊரும், அவர் இறந்தபின் அவர் நூல்களைக் கழிவாகக் கருதுவதில் வியப்பில்லை என்பதே நம் வழக்கு. தராசு வாசலுக்கு வருவது இறந்த பிறகுதான். தீர்ப்பு நெடுநாளைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்பின் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற் குற்றச்சாட்டு, படிப்பவன் சும்மா இருக்கிறான் என்பது. நம் வீடுகளில் ஒருவர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தால் அவரை எவரும் எழுப்புவதில்லை. 'பார்த்துக் கொண்டிருக்கிறார்' என்று ஒதுங்கிப் போவார்கள். அவரே ஒரு நூலை விரித்து அமர்ந்தால், "சும்மாதானே இருக்கிறீர்கள், கடைக்குப் போய் வாருங்கள்" என்ற குரல் எழும். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயர் அம்புரோசியார் வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் படிப்பார் என்றும், அவரைக் காண வந்தவர்கள் அந்த அமைதியைக் கலைக்க மனமின்றி நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு ஓசையின்றித் திரும்பிச் சென்றனர் என்றும் புனித அகுஸ்தீனார் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஒரு மறைமாவட்டத்தின் பொறுப்பு முழுவதையும் தோளில் சுமந்தவர் படிப்பதைச் 'சும்மா இருத்தல்' என்று அன்று எவரும் எண்ணவில்லை. படிப்பவனின் உடல் ஓய்ந்திருக்கிறது. அவன் உள்ளம் உழுது கொண்டிருக்கிறது. ஏரைக் கண்ணால் காண முடியவில்லை என்பதால் உழவே நடக்கவில்லை என்று கூறலாமா?

இரண்டாம் குற்றச்சாட்டு, நூல் வாங்குவது வீண் செலவு என்பது. இக்கூற்றுக்கு விடை தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை நகரை அடுத்த திருக்கோகர்ணத்துக்குப் போனால் போதும். அங்கே பழனியப்பா நகரில் 'ஞானாலயா' ஆய்வு நூலகம் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தி அவர்களும், அவர்தம் துணைவியார் கல்லூரிப் பேராசிரியர் டோரதி அவர்களும் உருவாக்கிய நூலகம் அது. இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். நிலக்கிழார்களும் அல்லர், ஆலை முதலாளிகளும் அல்லர். ஆனால் அவர்கள் சேர்த்தவை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும். அவற்றுள் முதற்பதிப்புகள் உண்டு. என்றோ நின்றுபோன சிற்றிதழ்களின் தொகுதிகள் உண்டு. பதிப்பித்தவர்களின் பேரர்களிடமே இல்லாத நூல்கள் உண்டு.

இச்சேகரிப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நூலைத் தேடுகிறவனுக்கு விடுமுறை என்பது கிடையாது. வெளியூர்த் திருமணத்துக்குப் போனாலும் அவன் கால்கள் பழைய புத்தகக் கடையைத் தேடும். ஓர் இதழின் பன்னிரண்டு இலக்கங்களில் பதினொன்று கிடைத்துவிட்டால், கிடைக்காத அந்த ஒன்றுக்காகப் பத்து ஆண்டுகள் காத்திருப்பான். கிடைத்த நூலைத் தூசு தட்டி, வெயில் படாமல் காற்றில் உலர்த்தி, இராமபாணப் பூச்சியும் கறையானும் அணுகாமல் காக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப்பின் மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சான நூல்களோ, பூச்சி தீண்டாவிட்டாலும் தம்முள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குபவை. புரட்டும் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வருபவை. இவற்றையெல்லாம் வகைப்படுத்தி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் நிலையில் வைக்க வேண்டும். ஊர் ஊராக வரும் ஆய்வு மாணவர்களுக்கு நூலை எடுத்துத் தருவதோடு, எதைத் தேட வேண்டும் என்றும் சொல்லித் தர வேண்டும். ஒரு கணவனும் மனைவியும் தம் சம்பளத்தையும் ஓய்வு நேரத்தையும் வீட்டின் இடத்தையும் இதற்கென்றே ஒப்படைத்தார்கள். தமிழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல அந்த வீட்டின் மேசைகளில் பிறந்தன.

இப்போது கேட்கிறோம்: இது வீண் செலவா? ஒரே நாள் திருமண ஊர்வலத்துக்கும் வாணவேடிக்கைக்கும் இலட்சங்களைக் கொட்டி, மறுநாள் காலையில் காகிதக் குப்பையைக் கூட்டி அள்ளுகிற நாமா, நூல் வாங்குகிறவரைப் பார்த்து ஊதாரி என்பது?

மூன்றாம் குற்றச்சாட்டு, இது ஒருவகைப் பைத்தியம் என்பது. பைத்தியம் என்றே வைத்துக் கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்தில் காரைக்குடியை அடுத்த கோட்டையூர் இருக்கிறது. அவ்வூர் முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். அவர் நடத்திய 'ரோஜா' கலையகத்தின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு 'ரோஜா முத்தையா' ஆயிற்று. அவர் நூல்களை மட்டும் சேர்க்கவில்லை. நாடகத் துண்டறிக்கை, திரைப்படப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், விலைப்பட்டியல் என்று, படித்தவர்கள் கசக்கி எறிந்த தாள்களையும் நீவி மடித்து வைத்தார். அவை வீட்டை நிறைத்தன. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேரோ நாம் அறியோம். சிரித்தவர்களுள் ஒருவர் பெயரும் இன்று நிலைக்கவில்லை என்பதை மட்டும் அறிவோம்.

முத்தையா 1992 இல் மறைந்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும் கொண்ட அவருடைய சேகரிப்பை விலைகொடுத்து வாங்க முன்வந்தது எது? தமிழை வாழ்விக்கவே பிறந்ததாக மேடைதோறும் முழங்கிய நம் அமைப்புகளுள் ஒன்றா? அல்ல, கடல்கடந்து அமெரிக்காவிலிருக்கும் சிக்காகோ பல்கலைக்கழகம். நல்வாய்ப்பாக அப்பல்கலைக்கழகம் நூல்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை; 1994 இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தப் படியேறாமல் எழுத இயலாது. அந்நியர் பெருந்தன்மையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நன்றியின் அடியில் ஒரு வெட்கம் கிடக்க வேண்டாமா? ஒரு செட்டிநாட்டுச் சிற்றூர்க்காரரின் 'பைத்தியம்' தமிழின் செல்வம் என்பதை நமக்கு முன்பே சிக்காகோ கண்டுகொண்டது.

"அரசு நூலகங்கள் இருக்கின்றனவே, தனியாள் எதற்குச் சேர்க்க வேண்டும்?" என்று சிலர் வினவுவர். நேர்மையான வினாதான். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948 இல் அன்றைய சென்னை மாகாணமே. அதற்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியால் ஊர்ப்புற நூலகங்கள் நடைபெறுகின்றன. அவற்றை நாம் போற்றுகிறோம். ஆயினும் ஊர்ப்புறக் கிளை நூலகத்தின் கடமை, இன்றைய நூலை இன்றைய வாசகனுக்குக் கொடுப்பது. கிழிந்த நூல் கழிக்கப்படும், புதியது வரும். பழையதைக் காப்பது அதன் இடத்துக்கும் பொருளுக்கும் அப்பாற்பட்டது. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குச் செல்ல வேண்டும். ஆனால் ஒரு சிற்றூர் அச்சகத்தில் முந்நூறு படி அச்சடித்துத் திருவிழாவில் விற்ற அம்மானையும், நான்கே இலக்கம் வந்து நின்ற கையடக்க இதழும் எந்தச் சட்டத்துக்கும் அகப்படாமல் நழுவியவை. அவற்றைக் குனிந்து எடுத்தவன் தனி வாசகன். அரசு பெருவழியில் போகிறது. அவன் ஒற்றையடிப் பாதையில் போகிறான். இரண்டும் வேண்டும்.

"இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே" என்பது இன்றைய தலைமுறையின் வினா. நாமும் கைப்பேசியில் படிக்கிறோம், அதைப் பழிக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கிறோம்: அந்தக் கண்ணாடித் திரைக்குள் அந்த நூல் எப்படிப் போயிற்று? யாரோ ஒருவர் அலமாரியில் காத்து வைத்த படியைப் படம் பிடித்ததால் அல்லவா? காக்கப்பட்டதைத்தான் படம் பிடிக்க முடியும். எடைக்குப் போனதை எந்தக் கருவியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதை மற்றவர்களைவிட நாம் நன்கு உணர வேண்டும். இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழ். அன்ரீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று, பதினாறே பக்கங்கள். அவரே இயற்றிய 'அடியார் வரலாறு' 1586 இல் வெளிவந்தது. இத்தனை பெருமைக்குரிய நூல்களைக் காண இன்று நாம் எங்கே போக வேண்டும்? முன்னதற்கு அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு, பின்னதற்கு வத்திக்கானுக்கு. தனிநாயகம் அடிகளார் 1954 இல் ஐரோப்பிய நூலகங்களைத் துழாவியபோதுதான், பழந்தமிழ் அச்சு நூல்கள் அங்கே உறங்குவதைத் தமிழுலகம் அறிந்தது. 1679 இல் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியையும் அங்கேதான் அவர் கண்டெடுத்தார். 1966 இல் அதன் மறுபதிப்பையும் கொணர்ந்தார். அச்சடித்தது இம்மண், பாதுகாத்தது வேறு மண். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. சதுரகராதி தந்த அந்தப் பெருமகனுக்கு விழா எடுக்கிறோம், சிலைக்கு மாலையிடுகிறோம். ஆனால் நம் பங்கு இல்லங்களின் பரண்களில் கிடந்த பழைய செபநூல்களும் வாசகப்பா ஏடுகளும், வெள்ளையடிக்கும் நாளில் எங்கே போயின என்று எவரேனும் கேட்டதுண்டா? பிறரை நோக்கி நீட்டும் விரல் நம்மை நோக்கியும் திரும்ப வேண்டும்.

மற்றொரு செய்தியும் இம்மாவட்டத்தைப் பற்றிச் சொல்லத் தகும். 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணையாக நின்றார். கல்லுடைக்கும் பெண்கள், கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து எழுத்தறிந்தார்கள். பகலில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். 1992 இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. உலகமே வியந்து நோக்கிய நிகழ்ச்சி அது. ஆனால் எழுத்தறிந்த அந்தத் தாய்க்கு அடுத்து நாம் என்ன கொடுத்தோம்? மிதிவண்டியைக் கற்றவள் அதை மறக்கவில்லை. ஏனெனில் ஏறிச் செல்ல அவளுக்கு நாள்தோறும் ஒரு பாதை இருந்தது. எழுத்தைக் கற்றவளுக்கோ வீட்டில் ஒரு நூல் இல்லை. நடந்து எட்டும் தொலைவில் இரவில் திறந்திருக்கும் ஒரு வாசகசாலை பெரும்பாலும் இல்லை. பயன்படாத எழுத்து துருப்பிடித்தது. கையெழுத்துப் போடத் தெரிவதே கல்வி என்று நாம் நிறைவடைந்தோம். எழுத்தறிவு வாசல் என்றால் நூல்தான் வீடு. வாசலை மட்டும் கட்டிவிட்டு வீடுகட்டி முடித்ததாக விழா எடுத்தவர்கள் நாம்.

நூலின் மேல் வைக்கும் அன்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் இல்லத்தில் வைத்து நூல் வழங்கத் தொடங்கிய சிறு முயற்சியே, லாங் அடிகளார் போன்றோரின் உழைப்பும் சேர, யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981 மே 31 ஆம் நாள் இரவு அது எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அருகிலிருந்த பத்திரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் வீழ்ந்து உயிர் நீத்தார். நூல் எரிவதைக் கண்டு உயிர் துறக்கும் அளவுக்கு ஒரு மனிதர் நூலை நேசித்திருக்கிறார்!

அந்தத் தீயை நாம் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம், கண்டிக்க வேண்டும். ஆனால் தீயிட்டவர் பகைவர். நம் தெருவில் தராசைக் கூப்பிடுகிறவர் யார்? அங்கே ஓரிரவில் நிகழ்ந்தது, இங்கே ஒவ்வொரு வீடாக, ஒவ்வோர் ஆண்டாக, ஓசையும் புகையுமின்றி நிகழ்ந்து கொண்டிருக்கிறது. கண்ணீர் விட ஒருவரும் இல்லை என்பதே வேறுபாடு.

இவ்வளவும் சொன்ன நாம், நூல் காதலர்களின் குறைகளை மறைத்தால் நேர்மையாகாது. கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, எவரையும் தொடவிடாமல் அழகு பார்க்கிறவர் உண்டு. அவரிடம் நூல் சிறைப்பட்டிருக்கிறது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தராமலே ஒரு நூலகம் அமைத்துக் கொண்டவரும் உண்டு. அவரைக் குறித்து நாம் சொல்ல நினைப்பதை நாகரிகம் தடுக்கிறது. தாம் படிப்பதைப் பெருமையாகப் பேசி, தம் பிள்ளைக்கு ஒரு கதையும் படித்துக் காட்டாதவர் இவர்கள் எல்லாரினும் கொடியவர். தந்தையின் மடியில் அமர்ந்து ஒரு நூலையேனும் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதே நூலை எடைக்குப் போடத் துணியாது. பிள்ளையை அலமாரிக்கு அண்டவிடாமல் விரட்டி வளர்த்துவிட்டு, 'என் அருமை என் பிள்ளைக்குத் தெரியவில்லை' என்று புலம்புவதில் நியாயமில்லை. தராசை வாசலுக்கு அழைப்பதில் இறந்தவருக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஆகவே, நூல் நேசிக்கும் அன்பர்களே, உங்களிடம் மூன்றே வேண்டுகோள்கள். இன்று மாலையே ஒரு குறிப்பேட்டை எடுத்து உங்கள் நூல்களின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். பட்டியல் இல்லாத சேகரிப்பு, பிறர் கண்ணுக்கு வெறும் குவியலே. வீட்டுக்கும் நிலத்துக்கும் விருப்பாவணம் எழுதும்போது நூல்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த நூலகத்துக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்த இளைஞனுக்கு என்று பெயரிடுங்கள். வாரத்தில் ஒருநாள் உங்கள் திண்ணையைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அவர்கள் கைபட்டுச் சில நூல்கள் கிழியட்டும். படித்துக் கிழிந்த நூலுக்குச் சாவில்லை.

நூல் நேசிக்காத அன்பர்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒருவர் சன்னலோரம் அமர்ந்து படித்துக் கொண்டிருக்கலாம். அவர் நூல்களை நீங்கள் விரும்ப வேண்டியதில்லை. அவர் மறைந்த பின், வண்டிக்காரரை அழைப்பதற்கு முன், ஒரே ஒரு நூலை எடுத்துப் பக்க ஓரத்தைப் பாருங்கள். பென்சில் எழுத்து இருக்கும். அதைப் படித்து முடித்த பிறகும் தராசைக் கூப்பிட மனம் வருமாயின், கூப்பிடுங்கள். அதற்குமேல் உங்களோடு வழக்காட எங்களிடம் ஒன்றுமில்லை.